பொருந்தாததை வெட்டிவிடுக

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு மாரி தொடங்கும் நேரம். சாவகச்சேரியில் ஓர் அரசாங்கக் கந்தோரில் நான் தட்டெழுத்தாளராக இருந்தேன். வயது இருபத்தாறு. வேலையில் என்னை விட்டால் ஆளில்லை என்று ஒரு நினைப்பு. கோபமும் மூக்கு நுனியில்தான் இருக்கும்.

யுத்தத்தால் இடம்பெயர்ந்து வந்து பள்ளிக்கூடங்களிலும் மடங்களிலும் தங்கியிருந்த சனம் நிவாரண அட்டைக்கு எங்களிடம்தான் வரவேண்டும். அட்டை இருந்தால்தான் கூட்டுறவுச் சங்கக்கடையில் அரிசியும் மாவும் கிடைக்கும். அதற்கு ஆளுக்கொரு மனு எழுதிக்கொண்டு வருவார்கள். மனு எழுதுவதையே தொழிலாகச் செய்பவர்களிடம் போய் எழுதுவித்தவர்களின் கதை உருக்கமாக இருக்கும். அலுவல் கெதியாக முடியும். அப்படி ஆள் பிடிக்க வழியில்லாதவர்கள் இரண்டு வரிக் கடுதாசியோடு வந்து நாள்கணக்காக வாசலில் காய்வார்கள். அது எனக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது.

கந்தோர் மூலையில் கையால் சுற்றும் ரோனியோ இயந்திரம் ஒன்று தூசி பிடித்துக் கிடந்தது. மெழுகுத் தாளில் தட்டெழுத்தால் வெட்டி, அதை உருளையில் மாட்டிச் சுற்றினால் பிரதி பிரதியாக விழும். மின்சாரமே இல்லாத அந்தக் காலத்தில் அதைவிட வேறென்ன வேண்டும்? எல்லோருக்கும் ஒரே படிவம், ஒரே கேள்விகள், வந்த ஒழுங்கில் அட்டை என்று மேலதிகாரியிடம் போய்ச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அலுமாரியில் பூட்டி வைத்திருந்த கடைசி மெழுகுத் தாளை எடுத்துத் தந்தார். வெள்ளைத் தாளுக்கும் தட்டுப்பாடு. கோடு போட்ட பள்ளிக்கூடக் கொப்பித் தாளில்தான் அடித்தோம். கோடுகளோடு எழுத்துகள் முட்டி மோதினாலும் வாசிக்கக்கூடியதாக இருந்தது. ஒரு கிழமையில் வாசலில் நின்ற வரிசை பாதியானது. எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

அந்தப் படிவத்தில் ஆறாவது கேள்வி குடும்பத் தலைவரைப் பற்றியது. ‘உயிருடன் உள்ளார் / இறந்துவிட்டார்’ என்று அடித்து, பக்கத்தில் ‘பொருந்தாததை வெட்டிவிடுக’ என்று போட்டிருந்தேன். இருக்கிறார் என்றால் அவருடைய கையொப்பம் வேண்டும். இல்லையென்றால் மரணச் சான்றிதழ் இலக்கம்.

குருநகரில் இருந்து இடம்பெயர்ந்து ஐந்து மைலுக்கு அப்பால் கொடிகாமத்தில் பிள்ளைகளோடு தங்கியிருந்த ஒரு பெண் அந்தப் படிவத்தைக் கொண்டுவந்தார். என்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். ஆறாவது கேள்வியில் ஒன்றையும் வெட்டவில்லை. நிரப்பிக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து வந்தார். அதே இடம் அப்படியே கிடந்தது. திரும்பவும் அனுப்பினேன். அவர் அத்தனை தூரமும் நடந்து வந்து போகிறார் என்பது எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

மூன்றாவது முறை வந்த அன்றுதான் விண்ணப்பம் எடுக்கும் கடைசி நாள். அன்று பெயர் பதியாவிட்டால் இன்னும் மூன்று மாதத்துக்கு அட்டை இல்லை. படிவத்தைப் பார்த்தேன். ஆறாவது கேள்வி இன்னும் வெறுமையாகத்தான் இருந்தது. எனக்குக் கோபம் ஏறிவிட்டது.

“என்னக்கா, விளையாடுறியளே? ஒண்டை வெட்டுங்கோ எண்டு எத்தினை தரம் சொல்லுறது?”

அவர் சத்தம் போடவில்லை. “கடலுக்குப் போனவர் மிஸ். ஒண்டரை வருசமாச்சு. ஒரு தகவலும் இல்லை” என்றார்.

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. பாவம் பார்த்துத்தான் அந்தப் பிழையையும் செய்தேன். எப்படியாவது அட்டை கிடைக்கட்டும், சான்றிதழைப் பிறகு பார்க்கலாம் என்று பேனையை எடுத்து, ‘உயிருடன் உள்ளார்’ என்பதை வெட்டப்போனேன். அவர் சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அதை வெட்டாதையுங்கோ மிஸ். அட்டை இல்லாட்டிலும் பரவாயில்லை. அவரை வெட்டிப்போட்டு நான் என்னெண்டு பிள்ளையளின்ரை முகத்திலை முழிக்கிறது?”

பேனையைக் கீழே வைத்தேன். போன தடவை எப்படி அட்டை எடுத்தீர்கள் என்று கேட்டேன். மனு எழுதிக் கொடுத்த ஐயா, ‘கடலுக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை’ என்று எழுதினாராம். அதைக் கந்தோரில் எடுத்துக்கொண்டார்களாம். அநியாயம் என்று நான் ஒழித்த அந்த மனுவில் இவருக்கு ஓர் இடம் இருந்திருக்கிறது. எல்லோருக்கும் சமம் என்று நான் அடித்த படிவத்தில் இல்லை.

பேனையால் மூன்றாவதாக ‘தகவல் இல்லை’ என்று எழுதி நீட்டினேன். அவர் எழுத்துக்கூட்டி வாசித்தார். பிறகு, “இப்பவும் மற்ற ரெண்டையும் வெட்டத்தானே வேணும்?” என்று கேட்டார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. வெட்டு என்று சொன்னதே பிழை. இரண்டு வரியையும் தொடாமல், மூன்றாவதுக்குப் பக்கத்தில் ஒரு சரி மட்டும் போடச் சொன்னேன். போட்டார்.

படிவத்தை எடுத்துக்கொண்டு மேலதிகாரியிடம் ஓடினேன். சுற்றுநிருபத்தில் இல்லாததை நாங்கள் எப்படிப் போடுவது என்று முதலில் சினந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி ஜன்னலால் அந்தப் பெண்ணைப் பார்த்தார். “சரி, பதியும் பிள்ளை. மேலிடத்திலை கேட்டால் நான் சொல்லுறன்” என்றார். அன்றைய பட்டியலில் அந்த அக்காவின் பெயர் ஏறியது.

அன்று பின்னேரம், படிவம் வாங்கிப்போய்த் திரும்பி வராதவர்களின் பெயர்களைப் பதிவேட்டில் தேடினேன். ஒன்பது பேர். ஒன்பது பேரும் பெண்கள். தேவையில்லாதபடியால் வரவில்லை என்று அதுவரை நினைத்திருந்தேன். கிராம சேவகர்களிடம் சொல்லி, பெயர் பதிய இரண்டு நாள் அவகாசமும் வாங்கி, ஒவ்வொருவரையும் கூப்பிட்டு எடுத்தோம்.

மெழுகுத் தாள் வேறு இல்லை. கிழிந்தால் படிவமே இல்லை. மூச்சை அடக்கிக்கொண்டு, ‘பொருந்தாததை வெட்டிவிடுக’ என்பதை அழிக்கும் மையால் மூடி, மை தீர்ந்த குமிழ்முனைப் பேனையால் ‘பொருந்துவதற்குச் சரி போடுக’ என்றும் கீழே ‘தகவல் இல்லை’ என்றும் கீறினேன். தாள் கிழியவில்லை. அச்செழுத்துகளுக்கு நடுவே என் கோணல் எழுத்தோடுதான் அதன் பிறகு எல்லாப் படிவங்களும் போயின.

அட்டை வாங்க வந்த அன்று அந்தக் குருநகர் அக்கா, “வாறன் தங்கச்சி” என்று சொல்லிவிட்டுப் போனார். தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றாறு இடப்பெயர்வுகளில் எல்லோரும் திசைக்கொன்றாய்ப் போனோம். அவருடைய கணவர் வந்தாரோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.

இப்போது விண்ணப்பமெல்லாம் கைத்தொலைபேசியிலேயே வந்துவிட்டது. நல்லதுதான், நடக்கத் தேவையில்லை. ஆனால் ஒரு கேள்விக்குப் பதில் போடாவிட்டால் அடுத்த பக்கத்துக்கு விடாது. அந்த இடம் வரும்போதெல்லாம், இதே கேள்விக்கு முன்னால் எங்கோ ஒரு பெண் பதில் போட முடியாமல் இருப்பாளே, வெட்டாதையுங்கோ என்று அவள் பிடித்து நிறுத்த அங்கே யாருடைய கை இருக்கிறது என்றுதான் எனக்கு நினைவு ஓடும்.