குட்டைக் கை ஸ்வெட்டர்

பூட்டுக்காரருக்கு வாய் கொஞ்சம் நீளம். ஒரு சாவி அரைத்து முடிப்பதற்குள் வந்தவரின் வீட்டுக் கதையை முழுசாகக் கறந்துவிடுவார். போகும்போது ஒரு கிண்டலையும் சாவியோடு சேர்த்துக் கொடுப்பார். அவர் கடையில் அதிகம் ஓடிய கிண்டல் சொந்தத் தங்கச்சியைப் பற்றியது.

அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது அண்ணனுக்கென்று சாம்பல் நிறத்தில் ஒரு ஸ்வெட்டர் பின்னினாள். ஒரு கை சரியாக வந்தது. இன்னொன்று முழங்கை தாண்டியதும் நின்றுவிட்டது. மாட்டிப் பார்த்தவர், வீடு நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு, "ஒரு கை எனக்கு, இன்னொண்ணு பக்கத்து வீட்டுப் பையனுக்கா?" என்றார். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தங்கச்சியும் சிரித்தாள். ஸ்வெட்டர் பெட்டிக்கு அடியில் போய்விட்டது. கிண்டல் மட்டும் கடைக்கு வந்து உட்கார்ந்துகொண்டது.

இப்போது தங்கச்சி குளிர் தேசத்தில் இருக்கும் மகனோடு இருக்கப் போகிறாள், ஒரேயடியாக. அந்தச் செய்தி வந்த அன்று பூட்டுக்காரர் வழக்கம்போல ஸ்வெட்டர் கதையை எடுத்தார். மனைவி காய் நறுக்கியபடியே சொன்னாள்: "அன்னிக்குக் கீழ வெச்ச பின்னல் ஊசியை அவ அப்புறம் தொடவே இல்ல. தெரியுமா உங்களுக்கு?"

"அடப் போடி, தமாஷுக்குச் சொன்னது."

"தமாஷ் உங்களுக்கு."

பூட்டுக்குள் சாவி முறிந்த மாதிரி அந்தச் சொல் அவருக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. மன்னிப்புக் கேட்டுப் பழகாத வாய். சரி, கையால் ஏதாவது செய்து கொடுத்துவிடலாம் என்று பார்த்தார். அடுத்த கடைத் தையல்காரம்மா டம்ளருக்கு அடியில் வைக்கும் குட்டி விரிப்புகளை உல்லன் நூலில் நெய்வாள். தறியெல்லாம் கிடையாது. அட்டையின் இரண்டு ஓரத்திலும் பல் பல்லாக வெட்டி, குறுக்கே நூலைக் கட்டி, ஊசியில் உல்லனைக் கோத்து ஒரு நூலுக்கு மேலே, ஒரு நூலுக்குக் கீழே விட்டுக்கொண்டே போவதுதான். அதை அவளிடமே கற்றுக்கொண்டார்.

உல்லனுக்குப் பூட்டுக்காரர் கடைக்குப் போகவில்லை. பெட்டிக்கு அடியில் இருந்த ஸ்வெட்டரைப் பிரித்தார். அவள் பின்னின நூலிலேயே நெய்து கொடுத்தால் போடாமல் விட்ட பாவமும் கழியும் என்று ஒரு கணக்கு. தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டார்.

நெய்ததெல்லாம் உடுக்கை மாதிரி நடுவில் இடுப்பு ஒடுங்கி வந்தது. தையல்காரம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "பூட்டுக்காரரே, இது ஸ்க்ரூ இல்ல, முறுக்குறதுக்கு. நூலை இழுக்காதீங்க, படுக்க வைங்க." முறுக்கியே பழகின கை, சொன்னால் கேட்டால்தானே.

விடைபெற வந்த தங்கச்சி, டீயைக் குடித்து முடித்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "அண்ணே, அந்த ஸ்வெட்டர் இருக்கா? அங்க குளிர் ஆளைக் கொல்லுமாம். நீதான் போடல, நானாவது போட்டுக்கறேன். அந்தக் குட்டைக் கையை நீட்டிடலாம்னு ஊசிகூட வாங்கி வெச்சிருக்கேன்."

மனைவி எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். பூட்டுக்காரர் விரிப்புப் பொட்டலத்தை மெல்லத் தங்கச்சி பக்கம் தள்ளினார். அவள் ஒன்றை எடுத்துத் தடவினாள். கண்ணுக்கு முன்னால் விரல் அந்த நூலைக் கண்டுபிடித்துவிட்டது.

"பிரிச்சிட்டியா?"

அவர் தலையாட்டினார். அவள் விரிப்பின் ஒடுங்கின இடுப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இப்போது ஒரு கிண்டல் வரும், வரட்டும், வந்தால் கணக்குத் தீர்ந்துவிடும் என்று அவர் காத்திருந்தார். சிரிக்கக்கூடத் தயாராக இருந்தார்.

அவள் ஓரத்தை விரலால் நீவிவிட்டாள். "முதல் தடவைன்னா இப்படித்தாண்ணே வரும்," என்று சொல்லி எல்லாவற்றையும் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஸ்வெட்டரை மாட்டிப் பார்த்த அன்றைக்கு அவர் சொல்லியிருக்க வேண்டியதும் இவ்வளவுதான். மன்னிச்சுக்கோ என்று தொண்டை வரை வந்தது. "இன்னொரு டீ போடச் சொல்லட்டுமா?" என்றுதான் வெளியே விழுந்தது. நேரமாகிவிட்டது என்று அவள் எழுந்துவிட்டாள்.

ஸ்வெட்டரில் பிரிக்காமல் மிஞ்சியது அந்தக் குட்டைக் கை ஒன்றுதான். குளிர் நாட்களில் பூட்டுக்காரர் அதை இடது கையில் மாட்டிக்கொண்டு கடையில் உட்காருகிறார். சாவி செய்ய வருகிறவர்கள் விடுவார்களா? "என்ன பூட்டுக்காரரே, இன்னொரு கை யாருக்கு?" என்கிறார்கள்.

அவர் சாவி அரைக்கிற மெஷினைப் போட்டுவிடுகிறார். அந்தச் சத்தத்தில் எதுவும் கேட்காது.