நான் மறைத்த மூன்று நாட்கள்

என் அக்காவுக்குப் பதினேழு முடிந்தபோது எனக்குப் பன்னிரண்டு. உயரத்தில் இருவரும் ஒன்றாகத்தான் நின்றோம். புதிதாகப் பார்ப்பவர்கள் இரட்டைப் பிள்ளைகளா என்று கேட்பார்கள். அக்கா சிரிப்பாள், அம்மா சிரிக்க மாட்டாள். அக்கா அதுவரை வயதுக்கு வரவில்லை.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்பேட்டைக்கென்று நிலங்களை அளந்துகொண்டிருந்த காலம் அது. எங்கள் நெல்வயல் தப்புமா என்பதைவிட நைனாவுக்கு அக்காவைப் பற்றிய கவலைதான் பெரிது. அம்மா எள்ளுருண்டையும் உளுத்தங்களியுமாகக் கிண்டிக் கிண்டிக் கொடுத்தாள். கூடவே தின்ற எனக்குத்தான் உடம்பு வைத்தது. கடைசியில் நைனா அக்காவை ரயிலில் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார்.

டாக்டரம்மா ஒரு தட்டைக் குச்சியால் கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் தடவிக்கொண்டதாக அக்கா வந்து சொன்னாள். வயிற்றுக் கோளாறுக்குக் கன்னத்தை ஏன் சுரண்ட வேண்டும்? சில வாரங்கள் கழித்து மறுபடி போய்வந்தார்கள். "ஒடம்புல சத்து இல்லியாம். மாத்திரை குடுத்துக்கிறாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நைனா வயலுக்குப் போய்விட்டார்.

அக்காவைத் தன் மகனுக்குக் கேட்டிருந்த அத்தை அந்த வாரமே வந்தாள். அவள் அம்மாவிடம் பேசியது சமையலறையில் இருந்த என் காதில் விழுந்தது.

"இன்னும் எத்தினி நாளிக்கிப் பாத்துக்கினு இருக்கிறது? பெரியவளுக்கு முன்னாடி சின்னவ வயசுக்கு வந்துட்டான்னு வையி, பெரியவ கதை முடிஞ்சுது."

அன்றிலிருந்து களியைத் தொடவில்லை. எனக்கு வரக் கூடாது என்று நான் வேண்டாத சாமி இல்லை.

எந்தச் சாமியும் கேட்கவில்லை. ஒரு திங்கட்கிழமை, பள்ளிக்கூடத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே வந்துவிட்டது. புத்தகப் பையைப் பின்னால் பிடித்துக்கொண்டு வீடுவரை நடந்தேன். எதிரில் வந்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது போலிருந்தது. பழைய பாவாடையைக் கிழித்து வைத்துக்கொண்டேன். பம்புசெட்டுக்குப் பின்னால் போய் அலசி, தாழம்புதரின் அடியில் உலர்த்தினேன். நாய் குரைத்தாலும் அத்தை வருகிறாள் என்று ஓடிப்போய்த் துணியைச் சுருட்டி ஒளித்தேன். அக்காவின் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. அவளுக்கு வர வேண்டியதை நான் திருடிக்கொண்டேன் என்றே நம்பினேன்.

மூன்றாம் நாள் அலசிக்கொண்டிருந்தபோது பின்னால் அக்கா நின்றாள்.

"இன்னாடி இது?"

ஈரத்தோடு அவள் காலைக் கட்டிக்கொண்டேன். "யார்கிட்டயும் சொல்லாதக்கா. நான் வேணும்னு பண்ணல."

அடிப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவள் துணியை வாங்கி, சோப்பு போட்டுக் கசக்கினாள்.

"வலிக்குதா?"

"அடிவயித்துல."

"எப்டி வலிக்குது? இழுக்கிற மாதிரியா? வர்றதுக்கு முன்னாடியே உனக்குத் தெரிஞ்சுதா?"

தெரிந்தவரை சொன்னேன். அவள் கசக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதபோது, "அழுவாதம்மா, மாமாவுக்கு ஆள் அனுப்பு" என்றாள். மாமா வந்து எனக்குக் கட்டிய குடிசைக்கு அவளே பச்சை ஓலை எடுத்துக் கொடுத்தாள். தண்ணீர் ஊற்றும் நாளில் அத்தை அவளிடம் கிட்டே வராதே என்று சொல்லிவிட்டாள். அக்கா கதவோரமாக நின்று பார்த்தாள். அந்தத் தையிலேயே அத்தை மகனுக்கு வேறு இடத்தில் பெண் எடுத்தார்கள்.

அக்கா டீச்சர் டிரெயினிங் படித்து வேலைக்குப் போனாள். என் மூத்த மகள் பிறந்த பிறகுதான், டாக்டரம்மா சொன்னதை என்னிடம் சொன்னாள். நைனா தலைகுனிந்து நிற்க, அந்த அம்மாள் அவளிடமே நேராகப் பேசியிருக்கிறார். பெண்ணுக்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டு இருக்க வேண்டும், அவளுக்கு ஒன்றுதான். அம்மாவின் வயிற்றில் இருந்தபோதே அவளுடைய சினைப்பைகள் வளர ஆரம்பித்து, அதில் இருந்த முட்டைகள் அழிந்து, வெறும் நாடா போல் சுருங்கிவிட்டன. பல மாதம் மாத்திரை தின்றால் மாதவிலக்கு வரும், பிள்ளை வராது. யார் செய்த தப்பும் இல்லை.

பம்புசெட்டில் என்னைக் கேட்டபோதே, தனக்கு அது தானாக ஒருநாளும் வராது என்பது உட்பட இத்தனையும் அவளுக்குத் தெரியும். நானோ, எனக்கு வலிக்கிறதே என்ற பாசத்தில்தான் இவ்வளவு கேட்கிறாள் என்று நினைத்து, ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.