கட்டை மீனுக்கு உரியாத பூச்சு

அறுபதுகளின் கடைசியில் தர்மபுரிப் பக்கத்து ஆசிரியர் ஒருவருக்கு இடமாற்றம் வேண்டுமென்றால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று விண்ணப்பம். அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. விண்ணப்பித்தவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். மற்றது, கையெழுத்துப் போடும் அதிகாரிக்கு எதில் பைத்தியம் என்று தெரிந்துகொள்வது. எங்கள் மாப்பிள்ளை தெரிந்துகொண்டு வந்தார். அதிகாரிக்கு மீன் பிடிப்பதில் பைத்தியம்.

மாப்பிள்ளை என்று நான் சொல்வது என் தங்கையின் கணவரை. சித்தேரி மலையில் ஒரு பள்ளியில் கைத்தொழில் ஆசிரியர். தங்கை மலைக்கு வரமாட்டேன் என்று கல்யாணமான வாரத்திலேயே சொல்லிவிட்டாள். அவள் சித்தேரியைப் பார்த்ததில்லை. ஆனால் அங்கே என்னென்ன கிடையாது என்று ஒரு பட்டியலே வைத்திருந்தாள். ஆகவே அவள் தர்மபுரியில் என் வீட்டு முன்னறையில் இருந்தாள். குழந்தையும் அங்கேதான் பிறந்தது. மாப்பிள்ளை சனிக்கிழமை மாலை பஸ்ஸில் வந்து ஞாயிறு மாலை திரும்பிப் போவார். மழை பெய்தால் பஸ் அடிவாரத்தோடு நின்றுவிடும் என்பதால் அந்த வாரம் வரமாட்டார். குழந்தைக்கு ஆறேழு மாதமானபோது அது அவரைக் கண்டதும் வீறிட்டு அழ ஆரம்பித்தது. பால்காரரிடம் சிரிக்கும், என்னிடம் தாவும், தபால்காரரின் பையைப் பிடித்து இழுக்கும். அப்பா தூக்கினால் மட்டும் முகம் சிவந்து மூச்சடைக்க அழும். அவர் ஞாயிறு மத்தியானம் வரை முயன்று பார்ப்பார். கொஞ்சம் பழகும் நேரத்தில் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும்.

நான் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். மழை அளவு, லாரி கவிழ்ந்தது, பாப்பாரப்பட்டி சந்தையில் மாட்டு விலை ஆகியவற்றை எழுதி அனுப்புவேன். என் மேசை முன்னறையில் இருந்தது. பிறகு தொட்டிலுக்கு இடம்விட்டு நடைவழிக்கு வந்தது. எனவே இந்த இடமாற்றத்தில் எனக்கும் ஒரு பொதுநல அக்கறை இருந்தது என்பதை வாசகர்களிடம் மறைக்க வேண்டியதில்லை.

அதிகாரி ஒவ்வொரு ஞாயிறும் ஒகேனக்கல் போவார். புழு, மாவு உருண்டை இதையெல்லாம் தொடமாட்டார். மரத்தில் மீன் மாதிரியே செய்து, நிறம் பூசி, வயிற்றிலும் வாலிலும் தூண்டில் முள் தொங்கும் பொம்மை மீன்கள் அவரிடம் ஒரு தகரப் பெட்டி நிறைய இருந்தன. அவர் அவற்றை லூர் என்பார். எங்கள் வீட்டில் அதற்குக் கட்டை மீன் என்று பெயர். எல்லாம் வெளிநாட்டுச் சாமான். பாதியைக் காவிரிப் பாறைகள் வாங்கிக்கொண்டன. இறக்குமதிக்குக் கெடுபிடியாக இருந்த காலம். புதிதாக வாங்க வழியில்லை. அப்போதுதான் அவர் சித்தேரிப் பள்ளியைப் பார்வையிடப் போனார். மாப்பிள்ளையின் மாணவர்கள் செதுக்கிய மரக்குருவிகளைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, மீன் செய்வீர்களா என்று கேட்டிருக்கிறார்.

“செதுக்கறது பெரிசில்ல சார். பெயிண்ட் நிக்கணும். ஒரே ஞாயித்துக்கிழமையில உரிஞ்சு போச்சுன்னா எனக்குப் பிரயோஜனமில்ல” என்றாராம் அதிகாரி.

மாப்பிள்ளை இதை அரசாணையாக எடுத்துக்கொண்டார்.

செதுக்குவதில் அவரைக் குறை சொல்ல முடியாது. மலையிலிருந்து கல்யாண முருங்கைக் கட்டை கொண்டுவந்தார். தக்கை மாதிரி லேசானது. செவுள், துடுப்பு, கண்ணுக்கு ஒரு மணி. வால் லேசாக ஒருபக்கம் திரும்பியிருக்கும். தண்ணீர் அண்டாவில் இழுத்தால் உயிருள்ளது போல் நெளியும். பார்த்த மாத்திரத்தில் வாளை பாய்ந்து கவ்வும் என்று எங்கள் தெருவில் மீன் பிடித்தே இராத எல்லோரும் சொன்னார்கள்.

முதல் பூச்சு பள்ளிக்கூடத்து வண்ணப்பொடியும் கோந்தும். அண்டாவில் போட்டோம். மீன் மிதந்தது, நிறம் இறங்கியது. பத்து நிமிடத்தில் அண்டாத் தண்ணீர் அழகான நீலமாக இருந்தது.

இரண்டாவதற்கு பாலீஷ் பாயிடம் போனோம். கோர்ட்டு நாற்காலிகளுக்கெல்லாம் அரக்கு பாலீஷ் போடுபவர். அவர் போட்ட மேசையில் குனிந்தால் தலை சீவிக்கொள்ளலாம். கட்டை மீனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தண்ணீரில் போடவா என்று கேட்டார். ஆம் என்றதும் சிரித்துவிட்டார். அரக்கு மேல் ஈர டம்ளர் வைத்தாலே வெள்ளை வட்டம் விழும், இதை ஆற்றில் போடப் போகிறீர்களா என்றார். மாப்பிள்ளை, நீங்கள் போட்டால் நிற்கும் என்று ஒரே பிடியாக நின்றார். புகழ்ச்சிக்கு மயங்காத தொழிலாளி நம் ஊரில் உண்டு. ஆனால் அன்று கடையில் இல்லை. பதினோரு தடவை பூசிக் கொடுத்தார். தங்கத்தில் வார்த்தது போல் இருந்தது. ராத்திரி முழுக்கக் கிணற்றில் தொங்கவிட்டுக் காலையில் எடுத்தால் உடம்பெங்கும் திருநீறு பூசியது போல் வெளுத்திருந்தது.

கொண்டுபோய்க் காட்டினோம். பாய் வருத்தப்படவில்லை.

“பாலீஷ்னா மங்கணுங்க. மங்குனாத்தான் பாய் ஞாபகம் வரும் உங்களுக்கு. போட்டது அப்படியே நின்னுச்சுன்னா, என்னை யாருங்க தேடி வருவாங்க?”

அதை ஒரு வியாபாரியின் சமாளிப்பு என்று நினைத்துக்கொண்டு வீடு திரும்பினோம்.

எங்கள் கிணற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. அதைக் குடித்து வளர்ந்தவர்கள் சிரித்தால் பல்லில் காவிக் கறை தெரியும். பூச்சைப் பரிசோதிக்க இதைவிடக் கடுமையான சாதனம் எந்த ஆராய்ச்சிக் கூடத்திலும் இருந்திருக்காது. அதைவிடக் கடுமையானது ஒன்று இருந்தது. அது பொதுமக்களின் நகம். சுரைக்காய் முற்றலா பிஞ்சா என்று சந்தையில் நகத்தால் குத்திப் பார்ப்பவர்கள் நாங்கள். வீட்டுக்கு வந்தவர் யாராக இருந்தாலும் காப்பியை வாங்குவதற்கு முன் மேசையில் கிடக்கும் கட்டை மீனை எடுத்து வயிற்றில் நகத்தை வைத்து ஒரு கீறு கீறுவார். உரிந்து வந்தால், “உரியுதுங்களே” என்பார். ஆற்றைப் பார்க்காமலே எங்கள் நடைவழியில் நாசமான மீன்கள் ஐந்து. எண்ணி வைத்திருக்கிறேன்.

மூன்றாவது, பஸ் பெயிண்ட். பஸ்ஸுக்கு பாடி கட்டும் பட்டறையில் ஒரு பெயிண்டரைப் பிடித்து எனாமல் வாங்கினோம். அன்று மீதமிருந்தது சிவப்பும் வெண்ணெய் நிறமும். மீன்கள் சேலம் போகும் பஸ்ஸைப் போலவே இருந்தன. டிக்கெட் கிழிக்க ஆள்தான் இல்லை. காய ஐந்து நாள் ஆயிற்று. ஒரு கொசு நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது. கிணற்றில் ஏழு நாள் தாங்கியது. எட்டாம் நாள் வயிற்றோடு கோடாக வெடித்தது.

ஆனாலும் ஏழு நாள் என்பது முன்னேற்றம். இரண்டை அதிகாரியிடம் கொடுத்தார் மாப்பிள்ளை. இரண்டாம் ஞாயிறு உரிந்தன. திங்கட்கிழமை கூப்பிட்டு அனுப்பினார் அதிகாரி. மாப்பிள்ளை ஒருநாள் விடுப்புப் போட்டு இறங்கி வந்து, பூச்சு ஏன் உரிந்தது என்று அரைமணி நேரம் விளக்கிவிட்டு வேறு இரண்டைக் கொடுத்தார். அவையும் உரிந்தன. மறுபடி கூப்பிட்டார். இப்படி நாலைந்து மாதம். பியூன் மாப்பிள்ளையைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்துப் போடுவார். அதிகாரி தேநீர் வரவழைப்பார். குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதா என்று விசாரிப்பார். பாப்பாரப்பட்டியில் ஒரு கைத்தொழில் ஆசிரியர் ஓய்வு பெறுகிறார் என்பதை அவராகவே ஒருநாள் சொன்னார்.

எங்களுக்கோ அது தோல்விகளின் காலம். ஒவ்வொரு தடவையும் மாப்பிள்ளை தலை குனிந்து வந்தார். கவனிப்பதற்காகவே சம்பளம் வாங்கும் நானும் ஒன்றையும் கவனிக்கவில்லை.

கவனித்தது தங்கை. உரிந்து திரும்பி வந்த மீன்களை வரிசையாக வைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் உட்கார்ந்திருந்தாள். எல்லாம் ஒரே இடத்தில் வெடித்திருந்தன. முள்ளை மாட்டும் சின்ன இரும்பு வளையம் திருகியிருக்கும் துளையிலிருந்துதான் கோடு தொடங்கியது.

“பெயிண்டு மேல தப்பில்லண்ணா. தண்ணி இந்த ஓட்ட வழியா உள்ள போயி கட்டை ஊதுது. கட்டை ஊதுனா மேல இருக்கறது என்ன பண்ணும்? எனக்கு வளைகாப்பன்னிக்கு ரவிக்கை தையல் விட்டுச்சே, அதுமாதிரிதான்.”

முதல் பூச்சிலிருந்து மாதக்கணக்காக நான் எழுதிவந்த பரிசோதனைப் பட்டியலில் இந்த ஒரு கட்டமே இல்லை.

அதற்குப் பிறகு வேலை அவள் கைக்குப் போயிற்று. துளையை முதலில் போட வேண்டும். லின்சீடு என்கிற ஆளிவிதை எண்ணெயைச் சூடாக்கி அதில் கட்டையை ஊறவைத்து, துளைக்குள்ளும் குடிக்கவிட வேண்டும். எண்ணெய் காய்ச்சியது என் வெந்நீர்ச் சட்டியில். பிறகு ஒரு மாதம் பரணில் உலர வேண்டும். மாப்பிள்ளை ஒரு வாரத்தில் எடுக்கப் பார்த்தார். அவள் ஏணியை எடுத்து ஒளித்துவைத்தாள். பிறகு மேடு பள்ளம் நிரப்ப லப்பம் தடவி, உப்புத்தாள் தேய்த்து, எனாமல் மூன்று கை. ஒவ்வொரு கைக்கும் நடுவில் மறுபடி உப்புத்தாள். கடைசியில் துளையில் வார்னிஷைச் சொட்டி, ஈரத்தோடு வளையத்தைத் திருகினாள். வீடு முழுக்க எண்ணெய் நாற்றம். நான் அனுப்பும் செய்திக் காகிதம்கூட நாறுவதாக அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது.

ஆறு மீன்கள். அவற்றை மூன்று வாரம் கிணற்றில் தொங்கவிட்டோம். வெடிக்கவில்லை. பாறையில் இழுபடும் என்பதற்காகக் கிணற்றுச் சுவரில் தேய்த்து இழுத்தோம். கீறல் விழுந்தது, உரியவில்லை. தங்கை ஒன்றை எச்சில் பாத்திரங்களோடு போட்டு, தேங்காய் நாரும் செங்கல் தூளும் வைத்து அண்டா தேய்ப்பது போல் தேய்த்தாள். பளபளப்பு குறைந்தது, அவ்வளவுதான். கடைசியாக நடைவழி மேசையில் வைத்தோம். எதிர்வீட்டுக்காரர் வந்தார், எடுத்தார், கீறினார். நகம் ஒடிந்தது. அவர் காப்பி குடிக்காமல் போய்விட்டார். தங்கை அன்று வெகுநாளைக்குப் பிறகு பாட்டு முணுமுணுத்தபடி சமைத்தாள். பாப்பாரப்பட்டியில் எந்தத் தெருவில் வீடு பார்க்கலாம் என்று என்னிடம் கேட்டாள்.

ஆறும் அதிகாரியிடம் போய்ச் சேர்ந்தன. முதல் ஞாயிறு போயிற்று, திங்கட்கிழமை கூப்பிடவில்லை. இரண்டாம் திங்கள் கூப்பிடவில்லை. அடுத்த மாதமும் இல்லை. மீன்கள் ஆற்றில் நன்றாக இருக்கின்றன என்று பியூன் மூலம் தகவல் மட்டும் வந்தது. பிறகு இடமாற்றப் பட்டியல் வந்தது. பாப்பாரப்பட்டிக்கு ஏரியூர்ப் பக்கத்திலிருந்து ஒருவரைப் போட்டிருந்தார்கள். அவர் அதிகாரிக்கு என்ன செய்து கொடுத்தார் என்று எனக்குத் தெரியாது. விசாரித்ததில் பசுநெய் என்று கேள்வி. அது மாதா மாதம் தீர்ந்துவிடும் பொருள்.

மாப்பிள்ளை நேரில் போனார். துணைக்கு நானும் போனேன். அரைமணி வெளியே உட்காரவைத்தார்கள். பியூன் நாற்காலியைத் துடைக்கவில்லை. உள்ளே அதிகாரி எங்களைப் பார்த்து உண்மையாகவே மகிழ்ந்தார். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு மீனை எடுத்து, எங்கள் கண் எதிரில் கட்டைவிரல் நகத்தால் கீறிக் காட்டினார்.

“ஒண்ணும் ஆகல பாருங்க. இந்த ஆறு எனக்கு ரிட்டயர் ஆகற வரைக்கும் போதும்.”

மாப்பிள்ளை பாப்பாரப்பட்டியைப் பற்றி மெல்ல ஆரம்பித்தார். அதிகாரி கையமர்த்தினார்.

“அங்க போயி என்ன பண்ணப் போறீங்க? மரம் மலையில இருக்குது. இவ்வளவு பொறுமையான வேலை அந்த அமைதியிலதான் வரும். உங்கள மாதிரி ஆளை அங்கிருந்து எடுத்தா அது நான் செய்யற தப்பு.”

அந்தப் பொறுமையான வேலை முழுவதும் என் நடைவழியில், பாத்திரச் சத்தத்துக்கும் குழந்தை அழுகைக்கும் நடுவில் நடந்தது என்று அவரிடம் சொல்ல எங்கள் இருவருக்கும் வாய் வரவில்லை. திரும்பும் வழியில் பாலீஷ் பாயின் கடை திறந்திருந்தது. மாப்பிள்ளை அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தார். நானும்தான்.

வீட்டில் தங்கையிடம் சொன்னோம். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. புருஷனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அங்க தண்ணி எப்பிடிங்க? பருப்பு வேகுமா?”

“பஞ்சா வேகும்” என்றார் அவர்.

“அப்ப இத்தன நாளா ஏன் சொல்லல?”

“நீ கேக்கவே இல்லியே.”

அடுத்த ஞாயிறு சாயங்கால பஸ்ஸில் அவர் தனியாகப் போகவில்லை. தொட்டில் மேற்கூரையில் ஏறியது. குழந்தை அவர் மடியில் அழுதுகொண்டே போயிற்று. என் மேசை முன்னறைக்குத் திரும்பியது. எண்ணெய் நாற்றம் மட்டும் மலைக்குப் போக மறுத்துவிட்டது. அதற்கு இடமாற்றம் கிடைக்க இரண்டு வருஷமாயிற்று.

ஐந்தாறு மாதம் கழித்து நான் சித்தேரி போனேன். பத்திரிகைக்குச் சாமை விளைச்சல் பற்றி எழுத என்று சொல்லிக்கொண்டு போனேன். பள்ளிக்குப் பக்கத்தில் வீடு. தங்கை அங்கே என்னென்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் சொன்னாள். குழந்தை அப்பாவின் தோளில் இருந்தது. என்னைக் கண்டதும் வீறிட்டு அழுதது.

அதன் கையில் ஒரு கட்டை மீன் இருந்தது. முள்ளும் வளையமும் இல்லாத ஏழாவது மீன்; அதே எண்ணெய், அதே எனாமல் மூன்று கை. அழுது ஓய்ந்ததும் அதை வாயில் வைத்துக் கடைவாயால் கடிக்க ஆரம்பித்தது. பஸ் பெயிண்டைக் குழந்தை கடிக்கிறதே என்று இன்றைக்கு யாராவது பார்த்தால் எங்கள் மூவரையும் அடிக்க வருவார்கள். அன்று எங்களுக்கு அது தோன்றவில்லை. நான் பக்கத்தில் போய், அழவிடாமல் மெல்ல வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். நான்கு பல் தடம் பதிந்திருந்தது. பூச்சு உரியவில்லை.