துக்கத்துக்கு விரித்த ஜமுக்காளம்

சிவப்பும் பச்சையுமாய்ப் பட்டை போட்ட அந்த ஜமுக்காளத்தில் முகம் வைத்துப் படுத்தால் கன்னமெல்லாம் கோடு கோடாகப் பதிந்துவிடும். எத்தனை வெயிலில் போட்டாலும் பஞ்சும் வேர்வையும் கலந்த ஒரு வாடை அதைவிட்டுப் போகாது. சூலூரில், தறிச்சத்தம் ஓயாத வீதியில் எங்கள் வீடு. தொண்ணூறுகளின் நடுவில் என் தம்பி செந்தில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது, துக்கம் கேட்க வந்தவர்களுக்கெல்லாம் அதைத்தான் விரித்தோம். வீட்டில் இருந்ததே அது ஒன்றுதான்.

காரியம் முடிந்தும் அப்பா தறிக்குப் போகாமல் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். கூட வேலை செய்தவர் ஒருவர் விடாமல் இழுத்துப்போய், கல்யாண மண்டபத்தில் விடியற்காலையில் நடந்த "யோகா கிளாஸில்" சேர்த்துவிட்டார். விரிக்க ஏதாவது கொண்டுவரச் சொன்னார்களாம். அப்பா ஜமுக்காளத்தை உதறிச் சுருட்டினார். அம்மாவுக்கு வந்ததே கோபம்!

"ஏனுங்க, எளவுக்கு விரிச்சதைத் தூக்கிட்டு எங்கீங்க போறீங்க? உங்களுக்கு மூச்சு உட ஒரு எடம் கெடச்சுப்போச்சு. நான் எங்கீங்க போயி உடறது?"

அப்பா அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். போகப் போகத் தேறினார். தறிக்குத் திரும்பினார், சோறும் இறங்கியது. அம்மாதான், சோறாக்கி, தண்ணீர் சுமந்து, தறிக்கு நூலும் சுற்றிக் கொடுத்து, ராத்திரியெல்லாம் கொட்டக் கொட்ட விழித்துக் கிடந்து, பாதியாக இளைத்துப்போனாள். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அவளும் செத்துப்போவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு லீவு நாள் காலையில் அப்பா முன்னறையில் ஜமுக்காளத்தை விரித்து, "அம்மணி, சும்மா வந்து படு. கண்ணை மூடி மூச்சை மட்டும் இழுத்து உடு" என்றார்.

"இந்தக் கூத்தெல்லாம் எனக்கெதுக்குங்க" என்று முனகிக்கொண்டே அம்மா படுத்தாள். அப்பா இழுக்கவும் விடவும் சொல்லிக்கொண்டே இருக்க, குறட்டை கேட்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா உஸ்ஸென்று வாயில் விரலை வைத்துவிட்டு, அடுப்படிக்குப் போய் உப்புமாவைக் களியாகக் கிண்டினார். அம்மா மத்தியானம்தான் எழுந்தாள். கன்னத்தில் கோடுகளோடு கொஞ்ச நேரம் திருதிருவென்று விழித்தவள், செந்தில் பேரைச் சொல்லி வாய்விட்டு அழுதாள். அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

போன வருசம் அம்மா போய்விட்டாள். வந்தவர்களுக்குப் பந்தல்கடை நாற்காலி போட்டோம். இப்போது தரையில் யார் உட்காருகிறார்கள்? எல்லோரும் கிளம்பிய பிறகு அப்பா கேட்டார்.

"கண்ணு, அந்த ஜமுக்காளம் எங்க?"

"அது நைஞ்சு போயி எத்தன வருசமாச்சுங்கப்பா."

முட்டி வலியோடு சுவரைப் பிடித்து இறங்கி, வெறும் டைல்ஸ் தரையிலேயே மல்லாந்து படுத்தார். கண்ணை மூடி மூச்சை இழுத்தார், விட்டார். வெகுநேரம் அப்படியே இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். பிறகு கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"அவ எப்படித்தான் தூங்குனாளோ, கண்ணு."