வளைவில் நிற்கும் ஆனை

தேயிலை மலையான சின்னக்கானலில் ஆனை இறங்கினால் மனிதருக்கு முன்னே கைபேசிக்குத் தெரிந்துவிடும். வனத்துறையின் எச்சரிக்கைச் செய்தி வந்ததும் தோட்டத் தொழிலாளர் லயத்து வீடுகளின் கதவுகள் சாத்திக்கொள்ளும். மூச்சுகூட மெத்தென்று நடக்கும். சத்தம் காட்டாமல் இருந்தால் ஆனை அலுத்துப்போய்க் காட்டுக்குத் திரும்பிவிடும்.

இடுப்பில் தார்ப்பாய்ப் படங்கு கட்டிக் கொழுந்து பறிக்கும் முருகேஸ்வரி இந்தப் பாடத்தைத்தான் தன் கர்ப்பப்பைக்கும் பொருத்திப் பார்த்தாள்.

எஸ்டேட்டில் நடந்த கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை முகாமில் வரிசையையே சிரிக்க வைத்தவள் அவள்தான். "இடுப்புப் படங்கையும் அவுக்கணுமா டாக்டரம்மா? அது கூடவே பொறந்ததுல்லா!" பின்னால் நின்ற பக்கத்து வீட்டுச் சாந்தம்மாள் சிரித்தபடியே வரிசையிலிருந்து நழுவிவிட்டாள். முருகேஸ்வரி உள்ளே போனாள். சின்னத் தூரிகையால் கொஞ்சம் செல்களை வழித்து எடுத்தார்கள், அவ்வளவுதான்.

பிறகு ஊர்ச் சுகாதாரப் பணி பார்க்கும் ஆஷா ஊழியர் லிஜி போனில் சொன்னாள்: "செல்லுல கொஞ்சம் மாற்றம் இருக்கு சேச்சி. பெரிய ஆஸ்பத்திரில இன்னொருக்கா பாக்கணும்."

அன்றிலிருந்து லிஜியின் பெயர் ஒளிர்ந்தால் போன் அரிசிப் பானைக்குள் போகும். அரிசி கொஞ்ச நேரம் முனகிவிட்டு ஓயும். பனிமூட்டத்தில் தேயிலைச் செடிகள் மிதந்தன. அவள் கைகள் மட்டும் யாருடையவோ போலப் பறித்துக்கொண்டிருந்தன. வலியில்லை, ரத்தமில்லை. பிறகு என்னதான் இருக்கிறது என்று கைகளிடம் கேட்டாள். அவை வேலையாக இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை லிஜியே வந்து கதவைத் தட்டினாள்.

"சேச்சி, மீன்கொழம்பு மணக்குதே."

"வீட்ல ஆளில்ல" என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

"அப்ப பேசுறது யாரு?"

"கொழம்புதான்."

லிஜி சிரித்தபடி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். மூடிய கதவுக்குப் பின்னிருந்து கேள்வி வந்தது: "புத்துநோய்தானே லிஜி?"

"இல்ல சேச்சி. விட்டா புத்தாகலாம்னு சொல்ற மாற்றம். ஆனை ரோட்டு வளைவுல நிக்குதுன்னு மெசேஜ் வந்தா, மிதிச்சிருச்சுன்னா அர்த்தம்?"

"சும்மா கெடந்தா போயிரும்லா?"

"சிலது போகும். சிலது வருசக்கணக்கா நின்னு உள்ள வரும். எதுன்னு பாக்கத்தான் கூப்புடுறாங்க."

கதவு திறந்தது. முதலில் குழம்பு வாசனை வந்தது, பின்னால் ஈர முகம்.

முருகேஸ்வரியை ஏற்றிய ஜீப் மேகத்துக்குள் இறங்கியது. பெரிய ஆஸ்பத்திரியில் லென்ஸ் வைத்துப் பார்த்து, துளி சதை கிள்ளிச் சோதித்தார்கள். புற்றில்லை. மாறியிருந்த சிறு இடத்தை மட்டும் இன்னொரு நாள் நீக்கினார்கள். "வருசா வருசம் வந்து காட்டணும்" என்றார் டாக்டர்.

அடுத்த முகாம் அறிவித்த அன்று முருகேஸ்வரி சாந்தம்மாளுக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. அடிக்கும் போனோடு பக்கத்து வீட்டில் அவள் சன்னலுக்கே போய் நின்றாள்.

"எக்கா, ஒம் அரிசிப் பானை கத்துது பாரு. எடுத்துப் பேசு. நான் கூட வாரேன்."