சத்தம் போடாத சட்டை

ஆஸ்பத்திரியின் பின்கட்டில், சலவைக் கூடத்துக்கும் ஜெனரேட்டர் அறைக்கும் நடுவே ஒரு நீளமான அறை உண்டு. கிழிந்த படுக்கைவிரிப்பு, நாடா அறுந்த ஆபரேஷன் கவுன், வாய் பிளந்த தலையணை உறை எல்லாம் அங்கேதான் வந்து குவியும். அவற்றைத் தைத்து வார்டுக்குத் திருப்பி அனுப்பும் வேலையைப் பத்தொன்பது வருடமாகச் செய்துவந்த பெண்மணியைப் பெரிய டாக்டர் முதல் வாட்ச்மேன் வரை எல்லோரும் துணிரூம் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

வீட்டிலும் அவருக்கு அதே கைதான். ஜன்னல் திரை வெளுத்தால் மெத்தை உறையாகும். மெத்தை உறை நைந்தால் பையாகும். பை பிய்ந்தால் மிதியடி. கால் உடைந்த மேஜையை அறுத்துச் செருப்பு அலமாரி செய்திருந்தார். மகள் சின்னவளாக இருந்தபோது மாறுவேடப் போட்டிக்குத் தபால் பெட்டியாகப் போனாள். அந்தப் பெட்டி அக்காவின் பழைய சிவப்பு மழைக்கோட்டும் இரண்டு அட்டைப்பெட்டியும் சேர்ந்தது. நாத்தனார் ஒருமுறை, "ஏன் அண்ணி, உங்க வீட்ல எந்தச் சாமானுக்கும் சாவே கிடையாதா?" என்று கேட்டது குடும்பத்தில் வெகு நாள் ஓடிய வேடிக்கை. அக்காவும் சேர்ந்து சிரிப்பார். அப்போதெல்லாம் ஆசைக்குச் செய்தார். வேண்டாம் என்று தோன்றினால் விட்டுவிடலாம்.

அவர் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். இருபத்தாறு வருட சர்வீஸ். ஒரு செவ்வாய்க்கிழமை காலை டிப்போவில் கையெழுத்துப் போடும்போது பேனா நழுவிக் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. மூளையில் ரத்தக்கட்டு என்றார்கள். உயிருக்கு ஆபத்தில்லை, வலது கையும் வலது காலும் வாயில் பாதியும் போய்விட்டன. மூன்று வாரம் அதே ஆஸ்பத்திரியில் இரண்டாம் மாடியில் படுத்திருந்தார். டீ நேரத்தில் அக்கா மாடியேறிப் போய்ப் பார்ப்பார். ஒரு நாள் டிரைவரின் தோளுக்குக் கீழே விரிப்பில் ஓர் ஒட்டு தெரிந்தது. அக்கா போட்ட ஒட்டுதான். முதுகில் உறுத்துமோ என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

வீட்டுக்கு அழைத்து வந்த பிறகுதான் வீடே அவர்களுக்கு எதிரியாக இருப்பது தெரிந்தது. நாற்காலி தாழ்வு, உட்கார்ந்தால் எழ முடியாது. கட்டில் தாழ்வு. சட்டைக்கு ஏழு பட்டன். பேன்ட்டுக்கு ஒரு கொக்கி, ஒரு ஜிப். காலையில் அவரைக் கிளப்பி உட்காரவைப்பதற்குள் அக்காவுக்கு முதல் பஸ் போய்விடும். உடம்பு முடியாதவர்களுக்கான சாமான் விற்கிற கடை ஒன்று கடைத்தெருவில் இருந்தது. அங்கே பொத்தானை அமுக்கினால் ஆளைத் தூக்கி நிறுத்தும் நாற்காலி இருந்தது. அக்கா அதன் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தார். பிறகு அதைப் பழையபடியே திருப்பி வைத்துவிட்டு வெளியே வந்தார்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை டேப்பை எடுத்துக்கொண்டு டிரைவரைச் சுவரோரம் நிறுத்தி, தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்தார். வீட்டு நாற்காலி அதைவிட ஐந்து அங்குலம் குறைவு. நான்கு கால்களுக்கும் அடியில் மரக்கட்டை வைத்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் டிரைவர் இடது கையை ஊன்றி எழுந்தபோது ஒரு கால் கட்டையிலிருந்து வழுக்கியது. அக்கா தோளைக் கொடுத்துத் தாங்கினார். இரண்டு பேரும் மெதுவாகத் தரையில் போய் உட்கார்ந்தார்கள். எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் வந்து தூக்கிவிடும்வரை இருபது நிமிடம் அப்படியே இருந்தார்கள். டிரைவருக்கு ஒரு கீறலும் இல்லை. அக்காவின் வலது தோள் அன்று பிடித்துக்கொண்டதுதான். அப்புறம் அது முழுசாக விடவே இல்லை.

இரண்டாவது தடவை அவசரப்படவில்லை. பழைய மரக்கட்டிலின் சட்டங்களை அறுத்து, நாற்காலியின் காலோடு கால் சேர்த்துத் திருகி, அடியில் சுற்றிலும் ஒரு சட்டம் ஓடவிட்டு, சைக்கிள் டியூபை வெட்டித் தரையைத் தொடும் இடத்தில் ஒட்டினார். துளை போடும் மெஷினை எலக்ட்ரீஷியன் கொடுத்தார். உட்காரும் மெத்தைக்கு டிரைவரோடு வேலைபார்த்த கண்டக்டர், டிப்போவில் கழித்துப்போட்ட சீட்டிலிருந்து ஃபோமைக் கேட்டு வாங்கிவந்தார். டிரைவர் அதில் உட்கார்ந்து இப்படியும் அப்படியும் அசைந்து பார்த்தார்.

"இது பின்சீட்டு. டிரைவர் சீட்டு இவ்வளவு மெத்துன்னு இருக்காது" என்றார். பேச்சு குழறிக்கொண்டுதான் வந்தது.

நாற்காலி நின்றது. சட்டைதான் நிற்கவில்லை.

அக்கா பட்டன்களைப் பிரித்துவிட்டு, உள்பக்கம் ஒட்டுகிற டேப் தைத்தார். ஒரு பக்கம் முள், ஒரு பக்கம் பஞ்சு, அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். வெளியே தெரியும்படி பழைய பட்டன்களையே மேலே அழகாக வைத்துத் தைத்தார். எட்டடி தள்ளி நின்று பார்த்தால் யாருக்கும் தெரியாது. நான்கு ஞாயிற்றுக்கிழமையில் ஆறு சட்டை முடிந்தது. டிரைவர் அதைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குப் போனார். மூன்றாம் முறை வரமாட்டேன் என்றார்.

ஏன் என்று அக்கா கேட்டார். டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுபடி கேட்டார். இரண்டாம் முறை போனபோது பயிற்சி கொடுக்கும் பெண் தோளைப் பார்ப்பதற்காகச் சட்டையைப் பிரித்திருக்கிறாள். சர்ர்ரென்று சத்தம். வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள்.

"குழந்தைங்க ஷூவுல வர்ற சத்தம் அது. அம்பத்தஞ்சு வயசுல எனக்கு அது வேணாம்."

"நாலு ஞாயித்துக்கிழமைங்க" என்றார் அக்கா. "எனக்கும் அலுப்பா இருக்கு."

அக்கா உள்ளே போய், கழுவி வைத்திருந்த பாத்திரங்களை மறுபடியும் கழுவினார். டிரைவர் பத்து நாள் பனியனோடு ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். பயிற்சி நின்றது. கால் மறுபடி விறைக்க ஆரம்பித்தது. மகள் போனில் அப்பாவை அதட்டிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். அவள் வேறு ஊரில் ஒரு கம்பெனியில் வேலைபார்த்தாள். லீவு கிடைப்பது குதிரைக் கொம்பு.

அடுத்த ஞாயிறு மத்தியானம் அக்கா வேறு மாதிரி யோசித்தார். டேப்பை எல்லாம் பிரித்து எறிந்துவிட்டு, ஒரு சட்டையின் கீழ் ஐந்து பட்டன்களையும் ஓட்டையோடு சேர்த்துத் தைத்து மூடினார். தலைவழியாகப் போட்டுக்கொண்டால் சத்தமே வராதல்லவா? ஆனால் ஒற்றைக் கையால் போட முடியுமா என்பது தெரியவில்லை. டிரைவரைக் கேட்க மனசு வரவில்லை. ஒரு துண்டை எடுத்துப் பல்லால் இழுத்துத் தன் வலது கையை இடுப்போடு கட்டிக்கொண்டார். டிரைவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு எதிரேயே நின்று இடது கையை விட்டு, தலையை விட்டார். அவ்வளவுதான். சட்டை கழுத்தும் காதுமாகச் சிக்கிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. உள்ளே இருட்டு. பிடித்துக்கொண்ட தோள் வேறு சுண்டி இழுத்தது.

சட்டைக்கு வெளியே ஒரு சத்தம் கேட்டது. டிரைவர் சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டரை மாதத்தில் முதல் சிரிப்பு. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதால் அது சிரிப்பு என்று புரியவே அக்காவுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அவருக்குக் கோபம் வந்தது. பிறகு அதுவும் அடங்கியது. சட்டைக்குள்ளேயே நின்றபடி கொஞ்ச நேரம் அழுதார். அது டிரைவருக்குத் தெரிந்ததோ தெரியவில்லையோ, சிரிப்பு நின்றது.

"நீ நல்ல கையை முதல்ல விட்டுட்ட" என்றார். "சோம்பேறிக் கைதான் முதல்ல போகணும். அப்புறம் தலை. கெட்டிக்காரன் கடைசியா வந்து சேந்துக்குவான்."

அக்கா மெதுவாகத் தலையை வெளியே எடுத்தார்.

"இத்தனை நாளா இதை ஏங்க சொல்லல?"

"நீ கேக்கலையே. நீயா அளந்த, நீயா வெட்டின, நீயா போட்டுவிட்ட."

அன்று சாயங்காலம் வரை இரண்டு பேரும் ஒரே சட்டையை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். வலது கை நுழையும்போது அக்குளில் இடிக்கிறது என்றார் டிரைவர். அக்கா அக்குளிலிருந்து இடுப்பு வரை பக்கத் தையலைப் பிரித்து, நடுவில் ஒரு முக்கோணத் துண்டு வைத்தார். அதே துணி வேண்டுமே என்று, பேன்ட்டுக்குள் போகிற கீழ்ப்பகுதியிலிருந்தே வெட்டி எடுத்துக்கொண்டார். மேலே இருந்த இரண்டு பட்டனையும் மணிக்கட்டுப் பட்டனையும் எலாஸ்டிக் நூலில் கோத்தார். மாட்டியபடியே இழுத்தால் விரியும், விட்டால் சேரும். டிரைவர் தானாகச் சட்டை போட்டுக்கொள்ளப் பதினோரு நிமிடம் ஆனது. அக்கா அந்தப் பதினோரு நிமிடமும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உதவாமல் இருப்பது தைப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது என்று பிற்பாடு சொன்னார்.

செவ்வாய்க்கிழமை டிரைவர் பயிற்சிக்குப் போனார். பயிற்சி கொடுக்கும் பெண் அந்தச் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்பக்கத் தையலைப் போட்டோ எடுத்து, பயிற்சிக்கு வந்த மற்றவர்களுக்கும் காட்டினாள். அதில்தான் அக்காவின் மிச்ச ஞாயிற்றுக்கிழமைகளும் போயின.

அடுத்த மாதத்திலிருந்து துணிரூம் வாசலில் பைகள் தொங்க ஆரம்பித்தன. கை விளங்காத ஒரு தச்சரின் சட்டைகள். இடுப்பெலும்பு உடைந்த ஒரு பெண்ணின் பாவாடைகள். விரலெல்லாம் முடிச்சு முடிச்சாக வீங்கிப்போன ஒரு பாட்டு டீச்சர், தான் மேடைக்குப் போட்டுக்கொண்ட பட்டு ஜாக்கெட்டைக் கொண்டுவந்து, முதுகில் இருக்கிற கொக்கியை முன்னால் கொண்டுவர முடியுமா என்று கேட்டார். தம்பூரா மீட்டத்தான் முடியவில்லை, போட்டுக்கொண்டாவது உட்காருகிறேன் என்றார். அதற்கு எப்படி மாட்டேன் என்பது? சிலர் நூலுக்குக் காசு கொடுத்தார்கள், சிலர் பிஸ்கட் கொடுத்தார்கள், பலர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கையைப் பிடித்துக்கொண்டவர்களுக்குத்தான் சீக்கிரம் முடித்துக்கொடுக்க வேண்டியிருந்தது. பகலெல்லாம் ஆஸ்பத்திரித் துணி, வீட்டுக்கு வந்தால் ஊரார் துணி. தோள் வலியில் அக்காவால் தலைமுடியைக்கூடத் தூக்கிக் கட்ட முடியவில்லை. ஒரு நாள் துணிரூமில் மெஷின் மேலேயே தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார். சலவைக்காரர் வந்து எழுப்பினார்.

பைகளைக் குறைக்கும்படி டிரைவர் சொல்லவில்லை. எலக்ட்ரீஷியனிடம் மேஜையில் மாட்டும் இடுக்கி ஒன்றைக் கேட்டு வாங்கி, நாற்காலிக் கையில் இறுக்கச் சொன்னார். அதில் துணியைக் கடிக்கவிட்டு, இடது கையால் தையல் பிரிக்கும் கத்தியைப் பிடித்தார். பழைய தையலைப் பிரிப்பது தன் வேலை என்று அறிவித்தார். ஒரு சட்டைக்கு ஒரு நாள் முழுக்க ஆனது. முதல் சட்டையில் நான்கு அங்குலத்துக்குத் துணியையே கிழித்துவிட்டார். மறுநாள் விடிந்ததும் அக்கா வேலைக்குக் கிளம்புவதற்கு முன் அதைச் சத்தமில்லாமல் ஒட்டுப்போட்டு மடித்து வைத்தார். இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவது கிழிசலுக்குப் பிறகு டிரைவரே பேச்சை எடுத்தார்.

"நான் கிழிக்கிறத நீ தைச்சு வைக்கிறது எனக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம்."

"சொன்னா நிறுத்திடுவீங்க."

"நிறுத்தினா உனக்கு ஒரு வேலை மிச்சம்."

அக்கா கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்லவும் தெம்பு இல்லை.

"மிச்சம்தான்" என்றார். "ஆனா நிறுத்த வேணாம்."

டிரைவர் நிறுத்தவில்லை. கிழிப்பது குறைய மூன்று மாதம் ஆனது. வலது கை திரும்பவே இல்லை. கால் மட்டும் தெரு முனை வரை போய்வரும் அளவுக்கு வந்தது. டிப்போவில் கணக்கை முடித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அக்கா இன்னும் அதே நீள அறையில்தான் தைக்கிறார்.

போன வருடம் மகள் பத்து நாள் லீவில் வந்தாள். வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். தூக்கிக் கட்டிய நாற்காலி, வாசல்படிக்குக் கதவுப் பலகையில் செய்த சறுக்குப்பாதை, பஸ் சீட்டு ஃபோம். அம்மாவுக்குப் புதிதாக ஒரு சோபா வாங்கித் தருகிறேன் என்றாள். எதற்கு வீண்செலவு, இருப்பதையே மாற்றிக்கொள்ளலாம் என்று அம்மா மல்லுக்கு நிற்பார் என நினைத்து, பதில்களையெல்லாம் பஸ்ஸிலேயே யோசித்து வைத்திருந்தாள்.

"சரி, வாங்கு" என்றார் அக்கா.

மகளுக்கு ஒன்றும் ஓடவில்லை. அம்மா நிஜமாகத்தான் சொல்கிறாரா என்று அப்பாவைப் பார்த்தாள். டிரைவர் தலையை ஆட்டினார்.

சாம்பல் நிற சோபா பிளாஸ்டிக் உறையோடு வந்து இறங்கியது. டிரைவருக்கு அது ரொம்பத் தாழ்வு. உட்கார்ந்தால் எழ முடியாது. கால் உயர்த்திவிடட்டுமா என்று எலக்ட்ரீஷியன் கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றார் அக்கா. அதை யாரும் தொடக்கூடாது. கடையில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கட்டும். ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அதில் காலை நீட்டிப் படுப்பார். படுத்த மாத்திரத்தில் தூங்கிப்போவார்.

ஒரு ஞாயிறு பாட்டு டீச்சர் இன்னொரு ஜாக்கெட்டோடு வந்து கதவைத் தட்டினார். டிரைவர் மெல்ல நடந்துபோய்ப் பாதிக் கதவைத் திறந்தார்.

"தூங்குறாங்க" என்றார். "பையைக் குடுத்துட்டுப் போங்க டீச்சர். எப்போ ஆகும்னு மட்டும் கேக்காதீங்க."

டீச்சர் எட்டிப் பார்த்தார். அக்கா வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். டீச்சர் பையை டிரைவரின் இடது கையில் மாட்டிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.