விமானிக்குப் பல்வலி

பர்மாவில், பசுந்தாங்கில் உள்ள என் பல் மருத்துவமனைக்கு ஒருநாள் ராணுவத்தின் குண்டுவீச்சு விமானி ஒருவர் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, பளபளக்கும் காலணி. உட்காருவதற்கு முன் நாற்காலியைக் கைக்குட்டையால் இரண்டு முறை துடைத்தார். ஊசியைக் கண்டதும் முகம் வெளுத்துவிட்டது.

"வலிக்குமா, சயாமா?" என்று பர்மிய மொழியில் கேட்டார். டாக்டரம்மாவை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

ஊசி போட்டேன். வாய் மரத்துப்போகும்வரை தன் வேலையைப் பற்றியே பேசினார். காலையில் முட்டையும் ரொட்டியும், பிறகு ஒரு சுற்று, மதியச் சோற்றுக்குத் திரும்பிவிடலாமாம்.

"மேலேயிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. சுத்தமான வேலை" என்றார்.

என் நர்ஸ் செல்வி அக்காவின் கிராமத்தில் போன மழைக்காலத்தில் ராணுவ விமானம் போட்ட குண்டு விழுந்தது. அதில் அவருடைய தம்பி செத்துப்போனார்.

"ஊசி போடாமலே புடுங்கியிருக்கலாம், டாக்டர்" என்று அக்கா தமிழில் சொன்னார்.

"என்ன சொல்கிறார்?" என்று விமானி கேட்டார்.

"தைரியமாக இருக்கச் சொல்கிறார்" என்றேன்.

உடனே அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டவர், பல்லைப் பிடுங்கி முடிக்கும்வரை விடவில்லை. எழுந்ததும், "இந்த வலியோடு எப்படிப் பறப்பது? மூன்று நாள் ஓய்வு என்று எழுதித் தருவீர்களா?" என்று குழைந்தார்.

"பத்து நாள்னு எழுதுங்க, டாக்டர்" என்றார் அக்கா.

எழுதினேன். பத்து என்பதைப் பார்த்ததும் விமானிக்குக் கண் கலங்கிவிட்டது. அக்காவைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அவருக்குப் பதிலாக வேறு யாரோ பறந்திருப்பார்கள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். ஆனால் அந்தக் கும்பிடு பொய்யில்லை. அதைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.